லேனாவின் அப்ளிகேஷன்

1984 மார்ச் 7, புதன்

சாம்பல் புதன். காலையிலேயே புழுக்கம். கடல் காற்று எட்டு மணிக்கே நின்றுவிட்டது. ஆறு மணிப் பூசையில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேரே பள்ளிக்கூடம். நெற்றியில் இட்டது வியர்வையோடு இறங்கிக் கண்ணில் எரிச்சல்.

ஃபாரம் வந்துவிட்டது. மெட்ராஸில் சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் காலேஜ். பள்ளிக்கூட ஆபீஸ் முகவரிக்கு வரவழைத்தது நல்லதாகப் போயிற்று, இங்கே தபால் பிரிப்பது நான்தான். எச்.எம். சிஸ்டருக்குத் தெரியும். லேனாவுக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

ஏப்ரல் 16-க்குள் எல்லாச் சான்றும் போய்ச் சேர்ந்தால் முதல் லிஸ்ட். ஹாஸ்டல் இடமும் உண்டு. மார்க் ஷீட் மட்டும் பின்னால் அனுப்பலாம். ஒரு தாள் குறைந்தாலும் பார்க்க மாட்டோம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

வேண்டியவை:
போட்டோ 4
பிறப்புச் சான்று
ஞானஸ்நானச் சான்று
அரையாண்டு மார்க், எச்.எம். கையெழுத்தோடு
நன்னடத்தை
காப்பாளர் கையெழுத்து (நான்)
ஏன் இந்தக் கல்லூரி, அரைப் பக்கம், இங்கிலீஷில்

ஏன் இவ்வளவு அவசரம் என்று எச்.எம். கேட்டார். சொன்னேன். போன ஞாயிறு வீட்டுக்காரரின் அக்கா ரெஜினா வந்திருந்தார். நான் அடுப்படியில். கூடத்தில் பேசியது காதில் விழுந்தது.

"தவக்காலத்துல கல்யாணம் வெக்கக் கூடாது. ஈஸ்டர் கழியட்டும். புள்ளைக்கும் அதுக்குள்ள பதினெட்டு முடிஞ்சிடும்."

அவர் "ஆமாக்கா" என்றார்.

ரெஜினா அண்ணியின் மகன் ரெமிக்கு முப்பது வயசு. கருக்களாச்சேரி ஐஸ் கம்பெனியில் வேலை.

மார்ச் 9, வெள்ளி

லேனாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். சிரிக்கச் சொன்னார் போட்டோக்காரர். அவள் சிரிக்கவில்லை. 12 காப்பி, திங்கள்கிழமை கிடைக்கும்.

திரும்பி வரும்போது தங்கச்சி ஞாபகம். அவள் இறந்து பதினோரு வருஷம். அவள் மகள் லேனாவை அன்றைக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன், ஏழு வயசு ஆகப்போகிற பிள்ளையை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவரும் மறுப்புச் சொல்லவில்லை, அதை எழுதித்தான் ஆகவேண்டும். லேனாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அங்கேயே வேறு கல்யாணம் செய்துகொண்டார். வருஷத்துக்கு ஒரு கிறிஸ்மஸ் கார்டு. அவள் பன்னிரண்டு வயசில் ஒருமுறை வந்தார். கூட்டிப்போகிறேன் என்று சொல்லி அவளுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்தார். பாஸ்போர்ட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார்.

அது எங்கள் பீரோவில் இருக்கிறது. அவளைக் கட்டுகிறவன் அதைப் பிடித்துக்கொண்டு பிரான்ஸ் போய்விடலாம். இரண்டு வருஷமாக எத்தனை பேர் காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள், பிறகு பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். சிலர் அதை முதலில் பார்த்தார்கள்.

பல் வலி. கிராம்பு.

மார்ச் 12, திங்கள்

முனிசிபாலிட்டியில் பிறப்புச் சான்று கிடைத்தது. பழைய பதிவேடு பிரெஞ்சில், அடுத்தது தமிழில். 12 ஏப்ரல் 1966, காரைக்கால். தங்கச்சி பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

ஃபாரத்தை இன்றைக்குத்தான் வரி வரியாகப் படித்தேன். ஏழாவது கேள்வி: குடியுரிமை. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். அடியில் பொடி எழுத்து. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் இந்தப் படிவத்தில் எழுதக் கூடாது. வேறு படிவம், தில்லியில் அனுமதி வாங்கணும்.

தில்லி என்றால் எத்தனை மாசமோ. ஈஸ்டர் ஏப்ரல் 22.

எச்.எம்.-இடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 14, புதன்

தாசில்தார் ஆபீஸ். குடியுரிமைச் சான்றுக்குப் பொறுப்பான கிளார்க், நம் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்ணின் தகப்பனார். யார், எவர் என்று கேட்காமல் பதில் சொன்னார்.

"பொறந்தது இங்க, வளர்ந்தது இங்க. அது போதுங்க. ஆனா அந்தப் பாஸ்போர்ட்டையும் வெச்சுக்கிட்டு இந்தியன்னு எழுதக் கூடாது. ஒண்ணை வேணாம்னு எழுதிக் கொடுத்துடணும்."

"நான் எழுதிக் கொடுக்கலாமா?"

"நீங்க போட்டா செல்லாதுங்க. அந்தப் பொண்ணுதான் போடணும், பதினெட்டு முடிஞ்சு. பாஸ்போர்ட் நம்பர் வேணும். நம்பர் தப்பா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

ஏப்ரல் 12 வியாழன். 13 தமிழ் வருஷப் பிறப்பு, லீவு. பிறகு சனி, ஞாயிறு. ஆக ஒரே ஒரு நாள்.

நம்பர் பீரோவுக்குள். பீரோ சாவி எப்போதும் அவர் அரைஞாணில்.

மார்ச் 15, வியாழன்

போட்டோ வாங்கினேன். நன்றாகத்தான் இருக்கிறாள், தங்கச்சியின் தாடை. கவரை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

மார்ச் 18, ஞாயிறு

ரெமி வந்தான். அண்ணியும். கொடுவா மீன் கொண்டுவந்தார்கள், பெரியது. தவக்காலத்தில் மீன் தப்பில்லை.

ரெமி மரியாதையான பிள்ளை. குரல் உயராது. லேனாவுக்கு ஒரு பிரெஞ்சுப் பாடப் புத்தகம் கொடுத்தான். "இப்பவே கொஞ்சம் கொஞ்சமாப் பேசிப் பழகிக்கங்க" என்றான். அவளை நீங்க என்றுதான் சொல்கிறான். அவள் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மோதிர அளவு பார்க்கிறான் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவர் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரெமி கையைத் துடைத்துக்கொண்டு தொட்டான்.

"போட்டோ பழசா இருக்கே மாமா."

"பதினெட்டு முடிஞ்சா புதுசுதான் எடுக்கணும். ஃபாரம் வரவழைச்சிருக்கேன். ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

காப்பி கொடுக்கிற சாக்கில் போனேன். முதல் தடவை பாதி நம்பர். மீதிக்காகத் தண்ணீர் கொண்டுபோனேன். தண்ணீர் யாரும் கேட்கவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுப்படிக்கு வந்து அரிசி மூட்டைச் சாக்கில் கரியால் எழுதிவைத்தேன். பிறகு தாளில் எழுதிக்கொண்டு கரியை அழித்தேன்.

மீன் குழம்பு எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 19, திங்கள்

மாவு டப்பாவுக்குப் பின்னால் கவர் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஆறு போட்டோ. பன்னிரண்டு வைத்தேன். திரும்பத் திரும்ப எண்ணினேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. எதற்குப் போட்டோ எடுத்தாய் என்றுகூட. சாப்பிட்டார், ரேடியோ செய்தி கேட்டார், கோழிகளை அடைத்தார்.

அவர் கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 23, வெள்ளி

லேனாவுக்குப் பரீட்சை ஆரம்பம். தமிழ் முதல் தாள். சுலபம் என்றாள்.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் ரெமியின் மோட்டார் சைக்கிள். பரீட்சை முடிகிறவரை நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. கூப்பிடவில்லை. லேனா வெளியே வந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். வாட்ச்மேன், "சொந்தக்காரப் பையன்னு சொன்னாரும்மா" என்றான்.

மார்ச் 25, ஞாயிறு

பூசை. ரவை உப்புமா. வெயில்.

அவர் மின்சார ஆபீஸுக்கு ஓவர்டைம் போன நேரத்தில் அரைப் பக்கக் கட்டுரைக்கு உட்கார்ந்தோம். முதலில் தமிழில் எழுதச் சொன்னேன், நான் இங்கிலீஷில் திருப்பி டைப் அடிக்கிறேன் என்று. அவள் எழுதிய முதல் மூன்றும் கட்டுரைப் புத்தகத்தில் இருப்பது. சேவை, ஒழுக்கம், பெண்கல்வி. நானே கோடு போட்டு அடித்தேன். "உனக்குன்னு இருக்கறத எழுது" என்றேன். ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பருப்பு புடைக்கப் போய்விட்டேன்.

நாலாவது தாள்:

"எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் எட்டுப் பேர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். என் மார்க் ஷீட்டை யாரும் கேட்டதில்லை. கெமிஸ்ட்ரியில் நான் வகுப்பில் முதல். ஆய்வகத்தில் ஒரு உப்பைக் கொடுத்து இது என்ன என்று கேட்பார்கள். சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், பெயர் ஒட்டியிருக்காது. அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது."

இதை அனுப்பக் கூடாது என்று முதலில் தோன்றியது. வீட்டு விஷயம். பிறகு ஒரு வார்த்தை மாற்றாமல் டைப் அடிக்க எடுத்துவைத்தேன்.

மார்ச் 28, புதன்

மூன்று மணிக்கு ஸ்டேஷனரி வாங்க வெளியே போயிருந்தேன். திரும்பினால் எச்.எம். கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் வந்துட்டுப் போனார் ஸ்டெல்லா."

"எதுக்கு சிஸ்டர்?"

"பரீட்சை முடிஞ்சதும் டி.சி.யை யார்கிட்டயும் கொடுக்காதீங்க, நானே வந்து வாங்கிக்கறேன்னார். பக்குவமாத்தான் பேசினார். போறப்ப உங்க மேஜைகிட்ட நின்னு பார்த்துட்டுப் போனார்."

இழுப்பறையில் ஃபாரம். பூட்டித்தான் இருந்தது. பூட்டில் கீறல் எதுவும் இல்லை. ஆனாலும் பிரித்துப் பார்த்தேன், எல்லாத் தாளும் இருக்கிறது.

ராத்திரி சாப்பாட்டில் அவர், "சாம்பார் நல்லா இருக்கு" என்றார்.

ஏப்ரல் 1, ஞாயிறு

பிரான்ஸிலிருந்து கடிதம் நேற்றே வந்திருக்கிறது. இன்றைக்குக் காட்டினார். லேனாவின் அப்பா எழுதியது, பாதி தமிழ் பாதி பிரெஞ்சு. மகள் கல்யாணத்துக்கு முழுச் சம்மதம். பையன் வந்து இறங்கினால் தனக்குத் தெரிந்த இடத்தில் வேலை பார்த்துக் கொடுப்பாராம். உடம்பு சுகமில்லை, கல்யாணத்துக்கு வர முடியாது. மகள் என்ன படிக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. எந்த வகுப்பு என்று அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

லேனா இரண்டு முறை படித்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள். "கெமிஸ்ட்ரி நாளைக்குப் பெரியப்பா, நான் படிக்கணும்" என்று எழுந்து போனாள்.

ஏப்ரல் 4, புதன்

பரீட்சை முடிந்தது. ஆபீஸுக்கே வந்தாள். கட்டை விரலில் மசி. எல்லாத் தாளையும் அடுக்கிக் காட்டினேன். மார்க் டைப் அடித்தாயிற்று, எச்.எம். கடிதம் ஆயிற்று, ஞானஸ்நானச் சான்று ஆயிற்று. போட்டோ நாலும் ஒட்டியாயிற்று. ஏழாவது கேள்வியும் தாசில்தார் சான்றும்தான் பாக்கி. "பன்னிரண்டாம் தேதி காலைல பத்து மணிக்கு நாம..." என்று ஆரம்பித்தேன்.

அவள் உட்காரவில்லை.

"பெரியப்பா அந்த ஃபாரத்துல எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுறாரு. நீங்க இந்த ஃபாரத்துல காட்டுறீங்க. ரெண்டு பேரும் பென்சில்ல பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்கீங்க."

நான் பென்சில் குறியைப் பார்த்தேன்.

"நீங்களும் என்னைக் கேட்கலை பெரியம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது. அவள் போனபிறகு பென்சில் குறியை ரப்பரால் அழித்தேன். தடம் போகவில்லை.

மெட்ராஸ் என்றால் ஏழெட்டு மணி நேர பஸ். லீவுக்கு வருவாள். பிரான்ஸ் என்றால் வரமாட்டாள். அவளுக்காகச் செய்கிறேனா, எனக்காகச் செய்கிறேனா. இதற்கு அரைப் பக்கம் எழுதச் சொன்னால் என்னால் எழுத முடியாது.

ஏப்ரல் 6, வெள்ளி

ஃபாரத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். "வெச்சுக்க. நீ வேணாம்னா கிழிச்சிடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றேன். கொடுத்த பிறகும் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தேன். அவள் கவனித்தாள்.

சாயங்காலம் அவர் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். லேனா எதிரில் போய் நின்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பெரியப்பா, அங்க போனா நான் காலேஜ்ல சேரலாமா?"

"முதல்ல ரெமி ஒரு வேலைல உட்காரட்டும்மா."

"அப்புறம்?"

"அப்புறம் குழந்தை குட்டின்னு ஆகும். அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

"சரி பெரியப்பா."

உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அவர் என்னைப் பார்த்து, "பாத்தியா, நல்ல புள்ள" என்றார்.

ஏப்ரல் 8, ஞாயிறு

பூசையில் பிரசங்கம் முடிந்ததும் ஓலை வாசித்தார்கள்.

கல்யாண ஓலை என்றால் நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பவள்தான், யார் வீட்டில் என்று. முதலில் ரெமியின் பெயர், அவன் அப்பா அம்மா பெயர். பிறகு லேனாவின் முழுப் பெயர், மதலேன் என்று. மூன்று வாரம் வாசிப்பதில் இது முதல் முறை. தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். பெண்கள் பக்கம் அத்தனை தலையும் திரும்பியது. எனக்கு முன்னால் இருந்த அம்மா புன்சிரிப்போடு என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

லேனா அசையவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பெயரை வாசிக்கப் போகிறார்கள் என்று அவளுக்கே சொல்லவில்லை.

மத்தியானம் நான் பாத்திரம் தேய்த்து நிமிர்ந்தபோது அவள் வீட்டில் இல்லை. கிணற்றடி, கொல்லை, பக்கத்து ஜெயமேரி வீடு, எங்கும் இல்லை. என்னென்னவோ நினைத்தேன், அதை எழுத மாட்டேன். அரசலாற்றுப் பாலம் வரைக்கும் செருப்பு இல்லாமல் ஓடினேன். நாலரை மணிக்கு அவள் தெருமுனையில் நடந்து வருகிறாள், குடை பிடித்துக்கொண்டு.

"சாமியாரைப் பார்க்கப் போனேன். எனக்குச் சம்மதம் இல்லன்னு சொன்னேன். எழுதிக் கொடுன்னார். எழுதிக் கொடுத்துட்டேன்."

"தனியாவா போனே?"

"நீங்க வந்தா நீங்க சொல்லிக் கொடுத்ததாயிடும்."

அவர் தூங்கி எழுந்து காப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 12, வியாழன்

லேனா பிறந்தநாள். சேமியா பாயசம். அவர் ஆபீஸ் போகும்முன் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். பிரெஞ்சு கான்சல் ஆபீஸ் ஃபாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, "சாயங்காலம் வந்ததும் கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார். காணாமல் போன எங்கள் ஆறு போட்டோவில் இரண்டு அதில் ஒட்டியிருந்தது.

பத்து மணிக்குத் தாசில்தார் ஆபீஸ். உறுதிமொழித் தாள். கிளார்க் வாசித்துக் காட்டினார். பிரெஞ்சுக் குடியுரிமையை நானே மனமறிந்து வேண்டாமென்று...

"யோசிச்சியாம்மா? திரும்ப வாங்க முடியாது. ஊர்ல இதுக்கு அலையறாங்க."

"யோசிச்சேன் சார்."

கையெழுத்துப் போட்டாள். பேனா நிப்பு தாளைக் கிழிக்கிற அழுத்தம். தாசில்தார் வெளியே போயிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தோம். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. அவள் நகத்தைக் கடித்தாள், நான் ஜெபமாலை. வாசலில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் இரண்டு பேரும் நிமிர்ந்தோம். இரண்டு மணிக்கு வந்து சீல் வைத்துக் கொடுத்தார்.

ஏழாவது கேள்வியை அவளே தபால் ஆபீஸ் மேஜையில் நிரப்பினாள். இந்தியா. ரிஜிஸ்தர் தபால், ஒப்புகை அட்டையோடு. மூன்றரை.

சாயங்காலம் அவர் ஃபாரத்தை விரித்தார். "தலை வலிக்குது பெரியப்பா, நாளைக்குப் போடறேன்" என்றாள். அவர் பேனாவை மூடி வைத்தார். "சரிம்மா. அவசரமில்ல."

ஏப்ரல் 15, குருத்து ஞாயிறு

இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை. வேறு இரண்டு ஜோடி வாசித்தார்கள், இவர்கள் பெயர் வரவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குருத்தோலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில்:

"சாமியார்கிட்ட யார் போனது?"

"நான்."

லேனா வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் அவரிடம் நேருக்கு நேர் சொன்ன முதல் பொய். அவர் நம்பினார். அது தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 19, பெரிய வியாழன்

பள்ளிக்கூடம் லீவு. அதனால்தான் இது நடந்தது. ஒப்புகை அட்டை பள்ளி முகவரிக்கு வந்திருக்கிறது. ஆபீஸ் பூட்டியிருப்பதைப் பார்த்துத் தபால்காரர் நல்ல எண்ணத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டார். அட்டையில் காலேஜ் முத்திரை.

அட்டையை மேஜைமேல் வைத்து அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைத்தார், காற்றில் பறக்காமல்.

லேனாதான் பேசினாள். ஒன்று விடாமல் சொன்னாள். சாமியாரிடம் போனது, தாசில்தார் ஆபீஸ், கையெழுத்து.

"இனிமே அந்தப் பாஸ்போர்ட் செல்லாது பெரியப்பா."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் லேனாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அறுபத்திரெண்டுல ஊரு இந்தியாவோட சேர்ந்தப்ப ஆறு மாசம் டைம் குடுத்தான். பிரெஞ்சுக்காரனா இருக்கணும்னா வந்து எழுதிக் கொடுன்னு. எங்க அப்பா திண்டாடினாரு. இன்னைக்கு நாளைக்குன்னு இருந்து ஆறு மாசம் போயிடுச்சு. கூடப் படிச்சவனெல்லாம் போயிட்டான். நான் மின்கம்பம் ஏறினேன். அக்காதான் என்னை வளர்த்தா. அவ புள்ளையாவது போகட்டும்னு நெனைச்சேன். இந்த வீட்டுல ஒரு காகிதம் இருந்துது. ஒண்ணே ஒண்ணு."

காலைக் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போனார். சாமியார் பாதம் கழுவும் சடங்கில் பன்னிரண்டு பேரில் ஒருவராக இவர் பெயர் கொடுத்திருந்தது. போய் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 22, ஈஸ்டர்

கேக் வாங்கவில்லை. ரெஜினா அண்ணி கோயிலில் என்னைத் தாண்டிப் போனார். ரெமி அவர் பின்னால். லேனாவைப் பார்த்தான், தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. ஜெயமேரி சொன்னாள், மண்டபத்தூரில் அவனுக்கு வேறு பெண் பார்க்கிறார்களாம், அப்பாவுக்குப் பிரெஞ்சுப் பென்ஷன் வருகிற குடும்பம். மூன்று நாள்தான் ஆகிறது.

அவர் பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். இரண்டு நாளாக உட்கார்ந்து ஏதோ கடிதம் எழுதுகிறார். நான் அந்தப் பக்கம் போனால் கையால் மறைப்பதில்லை, திருப்பிப் போடுவதில்லை. எழுதிக்கொண்டே இருக்கிறார்.

ஏப்ரல் 30, திங்கள்

மெட்ராஸிலிருந்து கடிதம். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது அங்கேதான் போயிருக்கிறது. தங்கள் காப்பாளர் திரு. சேவியர் அவர்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதியுள்ளார். இன்னொரு காப்பாளர் கையெழுத்தோடு விண்ணப்பம் முழுமையாக உள்ளது. மே 7 காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கவும்.

லேனா படித்துவிட்டு, "முழுமையா இருக்குன்னு எழுதியிருக்காங்க" என்றாள். அதை மட்டும்.

மே 6, ஞாயிறு

மாயவரம் பஸ் ஸ்டாண்டில் எழுதுகிறேன். மெட்ராஸ் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி. லேனாவின் தகரப் பெட்டி என் காலடியில். துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு எல்லாம் என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவரிடம் சொன்னேன். கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தார். "போறதா முடிவு பண்ணிட்டீங்களா" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு பேருமா" என்றார். நான் திரும்பி வருவேன் என்றேன். அவர் கையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

மே 7, திங்கள்

பெரிய வராந்தா, மெழுகு தேய்த்த தரை. முதல்வர் சிஸ்டர் வயசானவர். என் வீட்டுக்காரர் எழுதிய கடிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது, என் மனைவிக்குக் கையெழுத்துப் போட உரிமை இல்லை. கோணல் இல்லாத அவர் கையெழுத்து. கடைசி வரி: "அவளுக்கு எங்கள் வீட்டில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை."

அது உண்மை. சிஸ்டரிடமும் உண்மை என்றேன்.

சிஸ்டர் லேனாவைப் பார்த்து, "ரெண்டு பேர் ரெண்டு விதமா எழுதியிருக்காங்க. நான் யார் பேச்சை எடுத்துக்கறது?" என்றார்.

"எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு சிஸ்டர். நான் போட்டதை எடுத்துக்குங்க."

சிஸ்டர் கொஞ்ச நேரம் தாளைப் புரட்டினார். இடம் கொடுத்துவிட்டார்கள். கெமிஸ்ட்ரி. தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கு மே மாதமே இங்கிலீஷ் வகுப்பு, விருப்பமானால் இன்றைக்கே ஹாஸ்டலில் விடலாம் என்றார். லேனா என்னைப் பார்த்தாள். "உன் இஷ்டம்" என்றேன். "இருக்கேன்" என்றாள்.

வாசல்வரை வந்தாள். அழுகை இரண்டு பேருக்கும் வரவில்லை. "போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடுங்க பெரியம்மா. உடனே போடுங்க. இல்லன்னா எனக்குப் பயமா இருக்கும்."

மே 8, செவ்வாய்

நாலு மணிக்குக் காரைக்கால். அனல் காற்று. வீட்டுக் கதவில் புதுப் பூட்டு, கடையில் தடவிய எண்ணெய்கூடக் காயவில்லை. கொல்லைக் கதவு உள்ளே தாழ். கோழிக் கூண்டு காலி.

ஜெயமேரி என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு துணிப்பை கொண்டுவந்தாள். மூன்று புடவை, கண்ணாடிக் கூடு, ஜெபப் புத்தகம்.

"அண்ணன் அக்கா வீட்டுக்குப் போயிட்டாருங்க. இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

"சாவி?"

"சாவி ஒண்ணும் குடுக்கலைங்க."

அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் புருஷன் வந்ததும் என்ன சொல்வாளோ, உள்ளே பாத்திரம் ஓசை அதிகமாகக் கேட்கிறது. ஒரு தபால் கார்டு கேட்டு வாங்கினேன். வந்து சேர்ந்தேன், நலம் என்று எழுதியாயிற்று. அனுப்புநர் முகவரி என்ற இடம் மட்டும் இன்னும் காலி.